கடிகாரம் இல்லாத ஷட்டர்

யாஷிகா எலக்ட்ரோ 35 என்ற பழைய ஜப்பானிய பிலிம் கேமராவில் ஒரு விசித்திரம் உண்டு. பேட்டரியைக் கழற்றி வைத்துவிட்டுப் பொத்தானை அழுத்திப் பாருங்கள். ஷட்டர் திறக்கும், மூடும், பிலிமில் படமும் விழும். ஆனால் உச்சி வெயிலில் அழுத்தினாலும் சரி, நள்ளிரவில் அழுத்தினாலும் சரி, ஷட்டர் திறந்திருக்கும் நேரம் ஒன்றேதான்: ஒரு வினாடியில் 500-ல் ஒரு பங்கு. அந்தக் கேமராவின் உச்ச வேகமே அதுதான். மின்சாரம் போனால் மின்னணுக் கருவி நின்றுவிட வேண்டும். குறைந்தபட்சம் தள்ளாட வேண்டும். இதுவோ மின்சாரம் இல்லாதபோதுதான் எப்போதும் உச்ச வேகத்தில் இயங்குகிறது.

இது எப்படி என்று புரிந்துவிட்டால் 1960, 70-களில் வந்த மின்னணு ஷட்டர் கேமராக்களின் அடிப்படை முழுவதும் புரிந்துவிடும். நமக்குத் தெரிந்த கணிப்பொறி எதுவும் அவற்றில் இல்லை. எண்களைக் கூட்டிக் கழிக்கும் சில்லு இல்லை. ஏன், நேரத்தை அளக்கும் கடிகாரமே இல்லை. ஆனாலும் 500-ல் ஒரு வினாடிக்கும் 30 வினாடிக்கும் இடையில், அந்தக் காட்சிக்குத் தேவையான நேரத்தை அவை தாமாகக் கண்டுபிடித்தன.

பிலிமுக்குத் தேவை குறிப்பிட்ட அளவு வெளிச்சம். குறைந்தால் படம் இருண்டு போகும், கூடினால் வெளுத்துப் போகும். அந்த அளவைக் கட்டுப்படுத்தப் புகைப்படக்காரரிடம் இரண்டு வழிகள் உண்டு. லென்ஸுக்குள் இருக்கும் துவாரத்தை, அதாவது அப்பர்ச்சரை, அகலமாக்கலாம் அல்லது சுருக்கலாம். ஷட்டர் திறந்திருக்கும் நேரத்தைக் கூட்டலாம் அல்லது குறைக்கலாம். துவாரத்தை ஒரு படி சுருக்கினால் வெளிச்சம் பாதியாகும்; நேரத்தை இரட்டிப்பாக்கினால் கணக்கு நேராகிவிடும். சொல்வதற்கு எளிதுதான். ஆனால் சூரியன் மேகத்துக்குள் போய்ப் போய் வரும் ஒரு நாளில், ஓடியாடும் குழந்தையைப் படமெடுக்கும்போது இந்தக் கணக்கை நொடிக்கு நொடி திருத்திக்கொண்டே இருக்க வேண்டும். பிலிம் பெட்டியில் அச்சிட்டிருக்கும் 'வெயில், மேகமூட்டம், நிழல்' அட்டவணையைப் பார்த்து ஊகித்தவர்கள் ஏராளம். ஊட்டியின் இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலையிலிருந்து 'இந்து' பிலிம்கள் வந்த காலத்திலும் ஒரு சுருளில் ஒரு படம் வீணாவது நம் வீடுகளில் சின்ன இழப்பில்லை.

பழைய ஷட்டர்களில் நேரத்தைக் கட்டுப்படுத்தியவை பற்சக்கரங்களும் வில்சுருள்களும். ஷட்டரின் வளையத்தில் 30, 60, 125, 250 என்று எண்கள் இருக்கும். அவற்றில் ஒன்றை மனிதர் தேர்ந்தெடுப்பார். அந்த எண்ணுக்கு ஏற்ற தாமதத்தைப் பற்சக்கரங்கள் உண்டாக்கும். 1961-ல் வந்த ஒலிம்பஸ் பென் இஇ போன்ற கேமராக்கள் வெளிச்சம் படும்போது செலீனியம் தகட்டில் உண்டாகும் மின்சாரத்தால் ஒரு முள்ளை நகர்த்தி, அந்த முள்ளைப் பிடித்துத் துவாரத்தை அமைத்தன. அருமையான யோசனை, பேட்டரியே வேண்டாம். ஆனால் மங்கிய வெளிச்சத்தில் அந்த முள் அசையாது. மாலை மங்கினால் கேமரா கைவிரித்துவிடும். 1963-ல் போலராய்டு ஆட்டோமேட்டிக் 100 டிரான்சிஸ்டர் ஷட்டரோடு வந்தது. 1966-ல் யாஷிகா அதே பாதையில் 35 மி.மீ. பிலிம் கேமராவை இறக்கியது. முகப்பில் அணுவின் படத்தைச் சின்னமாகப் பொறித்து விற்றார்கள். அந்தப் பெருமிதத்துக்கு அது தகுதியானதுதான்.

இனி அந்த விசித்திரத்துக்கு வருவோம். எலக்ட்ரோ 35-ன் ஷட்டர், லென்ஸுக்கு உள்ளேயே அமைந்த மெல்லிய உலோக இதழ்களால் ஆனது. படம் எடுத்து முடித்ததும் பிலிமை நகர்த்த வலது கட்டைவிரலால் ஒரு நெம்புகோலைத் தள்ளுகிறோம் அல்லவா? அப்போது பிலிம் மட்டும் நகர்வதில்லை. ஷட்டருக்குள் இருக்கும் வில்களும் முறுக்கேறிக்கொள்கின்றன. இதழ்களைத் திறக்கவும் மூடவும் வேண்டிய முழு வலுவும் நம் கட்டைவிரலிலிருந்து வருகிறது. மின்சாரம் இதழ்களை அசைப்பதே இல்லை.

பிறகு மின்சாரத்துக்கு என்ன வேலை? பிடித்து வைப்பது. மூடும் நெம்புகோலின் முனையில் ஒரு சிறு இரும்புத் துண்டு இருக்கிறது. வில் முறுக்கேறும்போதே அது ஒரு குட்டி மின்காந்தத்தின் முகத்தோடு ஒட்டி நிற்கும். பொத்தானை அழுத்தியதும் மின்காந்தத்தில் மின்சாரம் பாய்ந்து அந்த இரும்பைப் பற்றிக்கொள்கிறது. இதழ்கள் திறக்கின்றன. மூடுவதற்கு வில் துடிக்கிறது, காந்தம் விடுவதில்லை. தகுந்த நேரம் வந்ததும் மின்சாரம் அறுபடுகிறது, காந்தம் கைவிடுகிறது, வில் இதழ்களை இழுத்து மூடுகிறது.

பேட்டரி இல்லையென்றால் காந்தம் இல்லை. மூடும் நெம்புகோலைத் தடுத்து நிறுத்த எதுவும் இல்லை. இதழ்கள் திறந்த கையோடு மூடிக்கொள்கின்றன. அந்த 500-ல் ஒரு வினாடி யாரும் கணக்கிட்டுக் கொடுத்த நேரம் அல்ல; தடையின்றித் திறந்து மூட அந்த உலோக இதழ்களுக்கே ஆகும் நேரம். மின்னணுச் சுற்று செய்வதெல்லாம் அந்த மூடலைத் தள்ளிப்போடுவது ஒன்றுதான். இதில் இன்னொரு புத்திசாலித்தனமும் இருக்கிறது. தள்ளி நிற்கும் இரும்பை இழுக்க வலுவான காந்தம் வேண்டும். ஏற்கெனவே ஒட்டியிருக்கும் இரும்பைப் பிடித்து நிறுத்த மிகச் சிறிய மின்சாரமே போதும். விரல் பருமன் பேட்டரி மாதக்கணக்கில் தாங்கியதற்கு இதுவும் ஒரு காரணம்.

எவ்வளவு நேரம் தள்ளிப்போடுவது என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? இங்கேதான் என்னை எப்போதும் வியக்கவைக்கும் பகுதி வருகிறது.

கேமராவின் முகப்பில், பார்க்கும் ஜன்னலுக்கு அருகே ஒரு சின்ன வட்டக் கண்ணாடி. அதன் பின்னால் காட்மியம் சல்பைடு என்ற பொருளால் செய்த ஒரு செல். இருட்டில் இதன் மின்தடை லட்சக்கணக்கான ஓம். மின்சாரம் கிட்டத்தட்ட நுழையவே முடியாது. வெளிச்சம் படும்போது பொருளுக்குள் கட்டுண்டு கிடக்கும் எலக்ட்ரான்கள் விடுபடுகின்றன. தடை சில நூறு ஓம் வரை சரிகிறது. வெளிச்சம் கூடக் கூட மின்சாரம் ஓடும் வழி அகலமாகிறது. இந்தச் செல் வழியாக வரும் மின்சாரம் ஒரு மின்தேக்கியில் போய்ச் சேர்கிறது. மின்தேக்கி என்பது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் உறுப்பு. சேரச் சேர அதன் மின்னழுத்தம் உயரும்.

குழாயடியில் வைத்த குடத்தை நினைத்துக்கொள்ளுங்கள். குழாயை நன்றாகத் திறந்தால் குடம் சட்டென்று நிரம்பும். சொட்டுச் சொட்டாக விட்டால் காத்திருக்க வேண்டும். ஷட்டர் இதழ்கள் திறக்கும் அதே கணத்தில் ஒரு சிறு தொடுமுனை இந்தக் 'குழாயை'த் திறந்துவிடுகிறது. வெயிலில் குடம் நொடிப்பொழுதில் நிரம்பிவிடும். இரவில் மெல்ல மெல்ல நிரம்பும். மின்னழுத்தம் ஒரு குறிப்பிட்ட அளவைத் தொட்டதும் டிரான்சிஸ்டர்கள் சட்டென்று நிலை மாறி, காந்தத்துக்குப் போகும் மின்சாரத்தை அறுக்கின்றன. ஷட்டர் மூடுகிறது. அவ்வளவுதான்.

எண்களில் பார்ப்போம். இவை இந்தக் கேமராவின் சொந்த அளவுகள் அல்ல. கணக்குக்கு வசதியாக எடுத்தவை. மின்தேக்கியின் கொள்ளளவு 1 மைக்ரோபாரட் என்று வைத்துக்கொள்வோம். தடை 10 லட்சம் ஓம் என்றால், பேட்டரி மின்னழுத்தத்தில் சுமார் 63 சதவீதத்தை எட்ட மின்தேக்கிக்குச் சரியாக 1 வினாடி ஆகும். தடை 2,000 ஓம் என்றால் 0.002 வினாடி, அதாவது 500-ல் ஒரு பங்கு. தடை 3 கோடி ஓம் என்றால் 30 வினாடி. வெளிச்சம் பாதியானால் தடை ஏறத்தாழ இரட்டிப்பு; தடை இரட்டிப்பானால் நேரம் இரட்டிப்பு; நேரம் இரட்டிப்பானால் பிலிமில் விழும் மொத்த வெளிச்சம் முன்பிருந்த அதே அளவு. புகைப்படக்காரர் மனத்துக்குள் போட்ட வகுத்தல் கணக்கை ஒரு மின்தேக்கியும் ஒரு செல்லும் போட்டு முடித்துவிட்டன. எங்கேயும் ஒரு எண் உருவாகவில்லை. 'இப்போது 90-ல் ஒரு வினாடி' என்று எந்த உறுப்புக்கும் தெரியாது. ஷட்டரை எப்போது மூடுவது என்பதை வெளிச்சமே தீர்மானிக்கிறது.

எண் இல்லாததால் படிகளும் இல்லை. பற்சக்கர ஷட்டரில் 60-க்கு அடுத்தது 125. எலக்ட்ரோவில் 73-ல் ஒரு வினாடியும் உண்டு, 211-ல் ஒரு வினாடியும் உண்டு. காட்சி எதைக் கேட்கிறதோ அது.

இதைவிட நயமான ஒரு விளைவும் உண்டு. எலக்ட்ரோவின் செல் லென்ஸுக்கு வெளியே தனி ஜன்னலில் இருக்கிறது. படம் எடுக்கும் நேரம் முழுவதும் அது காட்சியைப் பார்த்துக்கொண்டே இருக்கிறது. இரவில் ஒரு தெருவைப் படமெடுக்கிறீர்கள். ஷட்டர் திறந்து சில வினாடி ஆகியிருக்கும்போது ஒரு பேருந்து விளக்கைப் போட்டுக்கொண்டு திரும்புகிறது. அந்த நொடியே செல்லின் தடை குறைகிறது, மின்தேக்கி விரைவாக நிரம்புகிறது, ஷட்டர் முன்கூட்டியே மூடிவிடுகிறது. முன்பே அளந்து முடிவெடுத்த கேமராவால் இதைச் செய்ய முடியாது. லென்ஸ் வழியாகவே பார்க்கும் எஸ்.எல்.ஆர். கேமராக்கள் இதில் திண்டாடின: படமெடுக்கும் கணத்தில் கண்ணாடி மேலே எழுந்துவிடும், உள்ளே இருக்கும் செல் குருடாகிவிடும். அதனால் 1971-ல் வந்த பென்டாக்ஸ் இஎஸ், கண்ணாடி எழுவதற்கு முன் கிடைத்த அளவை நினைவில் வைத்திருக்க ஒரு தனி மின்தேக்கியையே வைத்திருந்தது. யாஷிகாவுக்கு அந்தச் சிரமம் இல்லை.

பேட்டரி விஷயத்திலும் இந்தச் சுற்றின் குணம் சிறப்பானது. ஷட்டரை மூடவைக்கும் அந்தக் குறிப்பிட்ட அளவு, பேட்டரி மின்னழுத்தத்தின் ஒரு பங்காக அமைந்தால், பேட்டரி தளரும்போது குடமும் சிறிதாகிறது, குழாயின் வேகமும் அதே விகிதத்தில் குறைகிறது. நேரம் மாறுவதில்லை. எலக்ட்ரோவுக்கு முதலில் போட்டது 5.6 வோல்ட் பாதரச பேட்டரி. பாதரசம் நஞ்சு என்பதால் அந்த பேட்டரிகள் உலகெங்கும் நின்றுபோயின. இன்று 6 வோல்ட் பேட்டரி ஒன்றை அடாப்டரோடு போட்டாலும் படங்கள் ஒழுங்காக வருவதற்கு இந்தக் குணமே காரணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். காட்மியம் சல்பைடுக்கு நினைவு உண்டு: கடும் வெயிலில் நின்றுவிட்டு உடனே இருட்டறைக்குள் போனால், சில வினாடிகளுக்கு அது வெயிலை மறக்காது, தவறாக அளக்கும். வெளிச்சத்துக்கும் தடைக்கும் உள்ள உறவு கோடு போட்டதுபோல் நேராகவும் இருக்காது; வடிவமைத்தவர்கள் சுற்றில் அதற்கு ஈடு செய்ய வேண்டியிருந்தது. பச்சை வெளிச்சத்துக்கு அது கூர்மையாக இருப்பது நம் கண்ணை ஒத்திருப்பதால் நல்லதே. இதையெல்லாம்விடப் பெரிய குறை வேறு. எதிரே என்ன இருக்கிறது என்பது செல்லுக்குத் தெரியாது. உலகம் எப்போதும் நடுத்தர சாம்பல் நிறம் என்பதே அதன் நம்பிக்கை. வெள்ளை வேட்டி சட்டையில் பத்துப் பேரை நிறுத்தினால் 'வெளிச்சம் மிகுதி' என்று முடிவுகட்டி வேட்டியைச் சாம்பலாக்கிவிடும். கறுப்புக் கோட்டு வழக்கறிஞர்களை நிறுத்தினால் கோட்டை வெளுக்க வைக்கும். ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரின் முகம் கறுத்துப்போவதும் இதனால்தான். இங்கே மனித மூளைக்கு மாற்று இல்லை.

இந்தத் தொழில்நுட்பத்தைச் சட்டைப் பைக்குள் அடக்கிக் காட்டியவர் ஒலிம்பஸின் வடிவமைப்பாளர் யோஷிஹிசா மைத்தானி. அரைச் சட்டக பென் கேமராவையும், எஸ்.எல்.ஆர். கேமராவின் உருவத்தைச் சுருக்கிய ஓஎம்-1-ஐயும் உருவாக்கியவர். எலக்ட்ரோ 35-ன் எடை முக்கால் கிலோ. கழுத்தில் தொங்கும்போதே தெரியும். 1979-ல் மைத்தானி கொண்டுவந்த ஒலிம்பஸ் எக்ஸ்ஏ வெறும் 225 கிராம், 102 மி.மீ. நீளம். அதே 35 மி.மீ. பிலிம், அதே முழுச் சட்டகம், 10 வினாடி முதல் 500-ல் ஒரு வினாடி வரை தானே தீர்மானிக்கும் மின்னணு ஷட்டர்.

சுருக்கியதன் ரகசியம் பாதி லென்ஸில் இருக்கிறது. 35 மி.மீ. குவியத்தூரம் கொண்ட அந்த லென்ஸ், முன்முகத்திலிருந்து பிலிம் வரை 31 மி.மீ. தூரத்துக்குள் அடங்கிவிடுகிறது. ஆறு கண்ணாடிகளை அதற்கென்றே அடுக்கியிருக்கிறார்கள். ஃபோகஸ் செய்யும்போது லென்ஸின் முன்முகம் வெளியே நீள்வதில்லை. நகர்வது உள்ளே மட்டும். அதனால்தான் முகப்பில் ஒரு வளைந்த கதவை இழுத்து மூட முடிகிறது. அந்தக் கதவே லென்ஸ் மூடி, அதுவே உறை, மின்சாரத்தை நிறுத்துவதும் அதுவே. மறதியால் மூடியோடு படமெடுத்து ஒரு சுருளைப் பாழாக்க இந்தக் கேமராவில் வழியே இல்லை. கருவியைப் பயன்படுத்துபவரைப் பற்றி இவ்வளவு அக்கறையோடு யோசித்த வடிவமைப்புகள் குறைவு என்பது என் எண்ணம்.

பொத்தானிலும் மின்சாரத்தைப் புகுத்தினார் மைத்தானி. மற்ற கேமராக்களில் பொத்தானை அமுக்கும்போது உள்ளே ஒரு கம்பி இறங்கி, கொக்கியை விடுவிக்க வேண்டும். அதற்கு விரல் வலு வேண்டும், வலு கொடுத்தால் கேமரா ஆடும். எடை குறைந்த கேமரா இன்னும் அதிகமாக ஆடும். எக்ஸ்ஏவில் இருப்பது மேல்தட்டோடு சமமாகப் பதிந்த ஒரு சிவப்புச் சதுரம். விரல் லேசாக அழுந்தினாலே மின்காந்தம் ஷட்டரை விடுவிக்கிறது. மெல்லிய ஒரு 'க்ளிக்', அவ்வளவுதான். அடிப்பகுதியில் ஒரு நெம்புகோலும் உண்டு. ஜன்னலுக்கு முன்னால் நிற்கும் அந்த முகத்துக்காக அதைத் திருப்பினால் ஒன்றரைப் படி வெளிச்சம் கூடும். செல்லால் யோசிக்க முடியாததை மனிதர் சொல்லிக்கொடுக்க ஒரு வழியை விட்டுவைத்திருக்கிறார். இதற்கெல்லாம் விலையும் உண்டு: பேட்டரி இல்லாவிட்டால் எக்ஸ்ஏ ஒரு படம்கூட எடுக்காது. யாஷிகாவின் அந்த 500-ல் ஒரு வினாடி கைகாவல் இதில் கிடையாது. என்னைக் கேட்டால், கைப்பைக்குள் எப்போதும் கிடக்கும் கேமராதான் அதிகப் படம் எடுக்கும். மைத்தானி செய்தது சரி.

இன்றைய செல்பேசிகளிலும் மின்னணு ஷட்டர் என்ற பேச்சு உண்டு. அது முற்றிலும் வேறு விஷயம். அங்கே திறந்து மூட இதழ்களே இல்லை. உணர்சில்லு வெளிச்சத்தைச் சேர்க்கத் தொடங்கும், பிறகு சேர்த்ததை வரிசை வரிசையாகப் படித்து முடிக்கும். உணர்சில்லின் ஒவ்வொரு புள்ளியும் வெளிச்சத்துக்கு ஏற்ப மின்னூட்டம் சேர்க்கும் ஒரு சிறு மின்தேக்கி போலவே வேலை செய்கிறது என்ற அளவில் மட்டும் இரண்டுக்கும் உறவு.

சிங்கப்பூரிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ ஒரு காலத்தில் யாரோ வாங்கி வந்த எலக்ட்ரோ 35 உங்கள் வீட்டு அலமாரியில் கிடந்தால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். முதலில் பேட்டரி அறையைத் திறந்து பாருங்கள். உள்ளே பழைய பாதரச பேட்டரி இருந்தால் குப்பைத் தொட்டியில் போட வேண்டாம்; மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் கொடுங்கள். தொடுமுனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தால் பஞ்சில் கொஞ்சம் வினிகர் தொட்டுத் துடைத்து, நன்றாக உலரவிடுங்கள். புதிய 6 வோல்ட் பேட்டரியை அடாப்டரோடு போடுங்கள்.

அடுத்து, பிலிம் நெம்புகோலைத் தள்ளும்போது காது கொடுத்துக் கேளுங்கள். தள்ளி முடியும் இடத்தில் உள்ளே 'டொக்' என்று ஒரு கனத்த ஒலி வர வேண்டும். வராவிட்டால் உள்ளே இருக்கும் ஒரு சிறு ரப்பர் திண்டு மட்கிப்போயிருக்கும். இந்த வகைக் கேமராக்களின் பரவலான நோய் அது. ஒரு தண்டு தன் இடத்துக்குத் திரும்பாமல் நின்று, நேரக் கணக்கைக் குழப்பிவிடும். பழைய கேமரா பழுதுபார்ப்பவரால் அந்தத் திண்டை மாற்ற முடியும்.

ஒலி வந்தால், பிலிம் இல்லாமல் பின்கதவைத் திறந்து வைத்துக்கொண்டு கேமராவைப் பகல் ஜன்னல் பக்கம் திருப்பி, லென்ஸின் பின்புறத்தைப் பார்த்தபடி பொத்தானை அழுத்துங்கள். ஒரு வெள்ளைப் புள்ளி மின்னி மறையும். பொத்தானைப் பாதி அழுத்தும்போது மஞ்சள் விளக்கு எரிந்தால் 30-ல் ஒரு வினாடியைவிட மெதுவான நேரம் என்று பொருள். சிவப்பு எரிந்தால் 500-ல் ஒரு வினாடிக்கும் அடங்காத வெளிச்சம். இப்போது செல்லின் சின்ன ஜன்னலை விரலால் மூடிக்கொண்டு மறுபடி அழுத்துங்கள். இதழ்கள் திறந்து அப்படியே நிற்கும். உங்கள் கண் ஷட்டரின் வழியே நேராக வெளியே பார்க்கும். விரலை எடுங்கள். உடனே மூடிக்கொண்டால் அந்தச் செல்லும் மின்தேக்கியும் காந்தமும் இன்னும் உயிரோடு இருக்கின்றன. ஒரு பிலிம் சுருள் வாங்கிப் போட்டுவிடுங்கள்.